பூனையை விசாரிக்க அனுமதி

லைட்ஹவுஸ் குப்பத்தில் நிற்கிற லைட்ஹவுஸின் மேல் ஆணையாக, ஏரித் தண்ணீரை வலது உள்ளங்கையில் ஏந்திச் சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றிரண்டு இடங்களில் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். அந்த இடங்கள் மற்ற இடங்களைவிடக் கூடுதல் உண்மை. கதை நடந்த காலத்தில் லைட்ஹவுஸே கிடையாதே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். ஆணையிடுவது நான், இன்றைக்கு.

பழவேற்காட்டில் ஒல்லாந்தராகிய டச்சுக்காரர் கோட்டை கட்டி, அகழி வெட்டி, கொடியேற்றி, இனிச் செய்வதற்கு வேறு வேலை இல்லை என்றாகிச் சில வருஷம் கழிந்திருந்தது. அப்போது மதராசப்பட்டணம் போகிற வழியில் ஆங்கிலேய வியாபாரி ஒருவன் கோட்டையில் இறங்கினான். இரண்டு வேளை சாப்பிட்டான், ஒரு வேளை தூங்கினான், புறப்படும்போது தன் தமையனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பிறத்தியார் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டி அனுப்புவது கோட்டையில் ஒரு உபசாரம். அப்படிப் பிரித்ததில் நாலாவது வரி இப்படி இருந்தது: ‘கோட்டை சின்னதுதான்.’

கோட்டையின் செயலர் ஹென்ட்ரிக் துரைக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கயிறு கொண்டுவரச் சொல்லிக் கோட்டையை அளந்து பார்த்தார். சின்னதாகத்தான் இருந்தது. அதனால்தான் அவருக்குக் கோபம் தாங்கவில்லை.

காய்ச்சலில் படுத்திருந்த ஆங்கிலேய மாலுமி ஒருவனை எழுப்பி உட்காரவைத்து, “இப்படி ஒருவன் பேசினால் உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்?” என்று கேட்டார். மாலுமி யோசித்து, “டிஸ்பரேஜ்” என்றான். இந்தக் காரியத்துக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் துரை நடுங்கிப்போனார். ஒல்லாந்து மொழியிலும் அதற்கு நாலு சொல் உண்டு. ஆனால் குற்றம் இறக்குமதிச் சரக்கு, பெயரும் இறக்குமதியாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். மறு வாரமே மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து, ‘கனம் காக்கும் கச்சேரி’ என்று குற்றம் விசாரிக்கிற ஒரு கச்சேரி ஏற்பட்டது. தலைவர் ஹென்ட்ரிக் துரை. அவர் ஒல்லாந்தில் சொல்வதைத் தமிழாக்க ஆரம்பாக்கத்துப் பக்கத்து நெல் வேளாளர் வீட்டுப் பிள்ளை வேதாசலம், துபாஷி. ஊரில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதிவர, செவியர் என்ற உத்தியோகத்தில் ஆறு பேர். அவர்களுக்குக் காதில் ஒரு சிவப்புத் துணி அடையாளம்.

வெள்ளிக்கிழமை தண்டோராப் போட்டார்கள். பச்சைமுத்து என்பவர் குப்பத்து மணலில் நின்று பறையைத் தட்டிவிட்டு ஓலையைப் படித்தார்.

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இனி யாரும் கோட்டையை டிஸ்பரேஜ் செய்யக் கூடாது. டிஸ்பரேஜ் என்பது வினைச்சொல். உள்ளதை உள்ளதற்குக் குறைவாக வாயால் செய்வது என்பது அதன் பொருள். வழங்கும் முறையாவது: கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவரைச் சொன்னால்தான் இந்தச் சொல் பொருந்தும். மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவனைச் சொன்னால் இந்தச் சொல் பொருந்தாது. அதற்கு நிர்வாகம் என்று பெயர்.”

அத்தோடு விட்டிருந்தால் குப்பத்து ஜனங்கள் வலை பின்னப் போயிருப்பார்கள். ஆனால் கச்சேரி முழுமையை விரும்புகிற கச்சேரி. என்னென்ன சொல்லக் கூடாது என்று தெரியாமல் ஏழைகள் தப்புச் செய்துவிடக் கூடாதே என்று, நாற்பத்தொரு உதாரணமும் ஓலையில் சேர்த்திருந்தார்கள். பச்சைமுத்து அதையும் படித்தார்.

“ஏழாவது. கோட்டையின் வடக்கு மதில் வயிறு தள்ளி நிற்கிறது, சுண்ணாம்பில் பாதி எங்கேயோ போய்விட்டது என்று சொல்லக் கூடாது. பத்தொன்பதாவது. கொடிமரத்தைக் கறையான் தின்கிறது என்று சொல்லக் கூடாது. இருபத்து மூன்றாவது. மரியாதை பீரங்கியில் விரிசல் இருக்கிறது, அதை மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று சொல்லக் கூடாது. முப்பதாவது. கோட்டைத் தளபதியான கப்பித்தானுக்குக் கெண்டைக்கால் ஒல்லி, காலுறைக்குள் பஞ்சு வைத்துக்கொள்கிறார் என்று சொல்லக் கூடாது.”

இதில் எதுவும் அதுவரை குப்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஜனங்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். முடிந்ததும், “ரெண்டாந்தபா படிப்பா,” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆரம்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து உட்கார்ந்தது.

சிங்காரமும் கேட்டான். கேட்டுவிட்டுத் தோணியிடம் போய்விட்டான். அவன் மனசெல்லாம் முகத்துவாரத்தில் இருந்தது.

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதற்குக் குப்பத்தில் ஒரு கணக்கு உண்டு. ஏரியைப் பாடு பாடாகப் பிரித்து, சீட்டுப் போட்டு முறைவைத்து எடுப்பார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரப் பாடுதான் எல்லாப் பாடுகளிலும் தலை. கார்த்திகை அமாவாசையிலிருந்து பதினைந்து நாள் ஏரி இறால் எல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்கு இறங்கும். ஒரு குடும்பத்துக்கு அந்த முறை நாலு வருஷத்துக்கு ஒருதரம் வரும். இந்த வருஷம் சிங்காரத்துக்கு. தப்பினால் இன்னொரு நாலு வருஷம். அவன் தோணியோ அடுத்த மழையைத் தாங்காது. முகத்துவாரம் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் அங்கே வலை போடக் கோட்டை முத்திரை வைத்த சீட்டு வேண்டும். அதையும் வாங்கி, குழலில் போட்டு, கூரையில் செருகி வைத்திருந்தான். அமாவாசைக்குப் பதினேழு நாள் இருந்தது.

குப்பத்து வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண்பட்டுப் போகும். புதுத் தோணியைத் தண்ணீரில் இறக்கும்போது, “இந்த ஓட்டைக் கட்டைய எவன்டா செஞ்சான்,” என்று நாலு பேர் திட்டினால்தான் அது மிதக்கும். குழந்தை கொழுகொழுவென்றிருந்தால், “இன்னா இப்டி நெத்திலி கருவாடாட்டம் கீது,” என்று கேட்க வேண்டும். தாய்க்காரி சந்தோஷப்படுவாள். வலை நிறைய மீன் வந்தாலும், “இன்னா கெடைச்சுது?” என்றால், “சேறுதான்” என்பதுதான் பதில். தப்பித் தவறி யாராவது ஒரு பொருளை நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டால், வீட்டுக்காரர்கள் கை நிறைய உப்பை எடுத்து வாசலில் வீசிவிட்டு, சொன்னவரோடு மூன்று மாசம் பேச மாட்டார்கள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் வாடைக் காற்று எழுந்தது. வெள்ளிவரை நிற்கவில்லை. கரையேற்றிய தோணிகள் கரையிலேயே கிடந்தன. ஆனால் கோட்டைச் சமையல்கட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூடை கொடுவா மீன் போயாக வேண்டும். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் என்பது கோட்டையின் கட்டளை. அந்த வாரம் கூடை சிங்காரத்தின் முறை. கூடையின் மேல் ஈரப் பாசியை மூடித் தலையில் வைத்துக்கொண்டு அகழிப் பாலத்தைத் தாண்டினான்.

சமையல்காரன் பாசியை விலக்கிப் பார்த்து, “அடேங்கப்பா, நல்ல பெரிய மீனாக் கீதே,” என்றான்.

“இன்னா பெரிசு. பூனை கூட மோந்து பாக்காது,” என்றான் சிங்காரம்.

சொல்லி வாயை மூடவில்லை, சுவர் மறைவிலிருந்து சிவப்புத் துணி கட்டிய காது ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னால் செவியர்.

கூடையோடு அவனைக் கச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஹென்ட்ரிக் துரை மேஜைக்கு அந்தப் பக்கம் உயர்ந்த நாற்காலியில் இருந்தார். நாற்காலிக்கடியில் இன்னொரு நாற்காலியின் கால்களை அறுத்து வைத்து உயர்த்தியிருந்தார்கள். மூக்கில் எப்போதும் அத்தர் நனைத்த கைக்குட்டை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அவர் கைக்குட்டைக்கு வெளியே மூச்சுவிட்டதில்லை.

“‘பூனை கூட மோந்து பாக்காது’ என்று சொன்னாயா?” என்று துரை கேட்க, வேதாசலம் தமிழில் கேட்டார்.

“சொன்னேங்க. என் மீனைத்தானே சொன்னேன்.”

“உன் மீன் எப்போது கோட்டையின் மீனாயிற்று?”

“தெரிலீங்களே.”

“பாலத்தின் நடுவில்,” என்றார் துரை. “பாலத்தின் பாதிவரை மீன் உன்னுடையது. பாதிக்கு மேல் கோட்டையுடையது. மீன் கோட்டையுடையதானால் அதன் பெருமையும் கோட்டையுடையது. அதில் நீ ஒரு பூனை அளவு குறைத்திருக்கிறாய். குறைத்ததற்கு ஆதாரம் உண்டா? பூனையைக் கேட்டாயா?”

“பூனைய இன்னாத்த கேக்கறது.”

“கேட்காமல் அதன் கருத்தைச் சொன்னாய். எழுதிக்கொள்ளுங்கள்.”

வேதாசலம் குனிந்து மெதுவாக, “துரையவர்களே, கோட்டையிலேயே ஒரு பூனை இருக்கிறதே. கூடையை அதன் முன்னால் வைத்தால் இப்போதே தெரிந்துவிடும்,” என்றார்.

துரை இரங்கலோடு அவரைப் பார்த்தார். “வேதாசலம், அந்தப் பூனை கிடங்கில் எலி பிடிக்க நியமிக்கப்பட்டது. அதன் பெயர் சம்பளப் பட்டியலில் கப்பித்தானுடைய பரிவாரத்தில் இருக்கிறது. பரிவாரத்தைச் சேர்ந்த ஒருவரைக் கீழ்க் கச்சேரி விசாரிக்கலாமா? அதற்குக் கடல் கடந்து பத்தாவியாவில் இருக்கிற நம் தலைமை இடத்திலிருந்து அனுமதி வர வேண்டும். எழுதிப் போடுங்கள். நீதியில் அவசரம் கூடாது. தீர்ப்பை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.”

தீர்ப்பு இதுதான். சிங்காரத்தின் முகத்துவாரச் சீட்டு ரத்து. ஆனாலும் கோட்டை தாய் போன்றது. குறைத்ததை அவனே நிறைத்துவிட்டால், சீட்டைத் திரும்பத் தருவது பற்றி யோசிக்கப்படும். அதாவது அன்று பொழுது சாயும்வரை கோட்டை வாசலில் கூடையோடு நின்று, போகிறவர் வருகிறவர் கேட்க அந்த மீனைப் புகழ வேண்டும். புகழ்ச்சி போதுமா என்று செவியர் எழுதுவார்.

சிங்காரம் வாசலில் நின்றான். அவனுக்கு வாய் வரவில்லை. பிறந்து நாற்பது வருஷத்தில் அந்த வாயால் ஒரு பொருளைப் புகழ்ந்ததில்லை.

“மீனு,” என்றான். கொஞ்ச நேரம் பொறுத்து, “மீனாத்தான் கீது,” என்றான்.

செவியர் ஓலையில் ‘போதாது’ என்று எழுதினார்.

அதற்குள் அவன் பெண்சாதி குப்பம்மாவுக்குச் சேதி போய், மீன் அரியும் கத்தியும் கையுமாக வந்துவிட்டாள். “இன்னாய்யா இது, சோத்துக்கு வழியத்த பீரங்கியாட்டம் வாசல்ல நிறுத்திகிறாங்க.”

“மீனை நல்லாக் கீதுனு சொல்லணுமாம்மே. சொன்னாத்தான் முகத்துவாரச் சீட்டு.”

குப்பம்மா மடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் மடியில் எப்போதும் உப்பு இருக்கும். “வாயால சொல்லாதய்யா. நாக்கு வெந்துபூடும்.”

“நாலு வருசம்மே. தோணிய நீ பாத்தியா, அடில கை வுட்டா தண்ணி தெரியுது.”

அவள் கூடையைப் பார்த்தாள், கோட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “சொல்லித் தொலை,” என்றாள். “ஆனா நம்ம மேல படாத மாதிரி அந்தாண்ட திரும்பி நின்னு, கோட்டையப் பாத்து சொல்லு.”

சிங்காரம் கோட்டையைப் பார்த்துத் திரும்பி நின்றான். கண்ணை மூடிக்கொண்டான். முகத்துவாரத்தில் இறால் துள்ளுகிற சத்தத்தை நினைத்தான். அப்புறம் நாற்பது வருஷமாக உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் மடை உடைந்தாற்போல் வந்தது. இந்தக் கொடுவாவின் செதிலைப் பார்த்தால் நிலா வெட்கப்பட்டு மேகத்தில் போய் ஒளியும் என்றான். இதன் கண் கல்யாணப் பெண்ணின் கண் என்றான். இதைத் தின்றவனுக்குக் கிழத்தனம் கிடையாது, இதன் தலையை மட்டும் தின்றால் ஒல்லிக் கெண்டைக்காலும் உருண்டு திரளும் என்றான். அந்தக் கடைசி வரியில் மட்டும் செவியரின் எழுத்தாணி கொஞ்சம் தயங்கியது. புகழ்ச்சிதானே என்று எழுதிவிட்டார். குப்பம்மா ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிடி உப்பைத் தன் பக்கத்து மணலில் வீசிக்கொண்டே நின்றாள்.

மேல் மாடி ஜன்னலில் கப்பித்தான் இருந்தார். கோட்டைக்கே பெரியவர். வேதாசலத்தைக் கூப்பிட்டு அவன் சொல்வதை வரி வரியாக மொழிபெயர்க்கச் சொன்னார். கெண்டைக்கால் வரியை இரண்டு தடவை கேட்டார். பிறகு, “இத்தகைய மீன் சிப்பாய்களின் சட்டிக்குப் போவது ஒழுங்கல்ல. மேலே அனுப்புங்கள். தலை எனக்கு,” என்றார்.

கூடை மேலே போயிற்று. மிளகும் புளியும் ஜாதிக்காயும் போட்டுச் சமைத்தார்கள். கப்பித்தான் தலையிலிருந்து வால்வரை தாமே சாப்பிட்டார்.

மறுநாள் விடியலில் கப்பித்தான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்று சொல்வதும் சரியில்லை. எழுந்து ஓடுவதும் வந்து விழுவதுமாக இருந்தார். பிற்பகலில் எழக்கூட முடியவில்லை. வைத்தியர் இரண்டு தரம் ரத்தம் எடுத்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அந்தச் சுண்ணாம்பு வடக்கு மதிலில் இருந்திருக்கலாம் என்று ஒரு சிப்பாய் சொல்லிக் கச்சேரிக்குப் போனான்.

வேதாசலத்துக்கு மட்டும் காரணம் தெரிந்துவிட்டது. அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. ஹென்ட்ரிக் துரையிடம் ஓடினார்.

“துரையவர்களே, கண்ணேறு. அந்த மனுஷன் கோட்டையைப் பார்த்தபடி அவ்வளவு புகழ்ந்தான். அது மீன் வழியாக உள்ளே போய்விட்டது. இவர்கள் புகழ்ந்தது எதுவும் பிழைக்காது. ஒருவரையாவது வரச்சொல்லி கப்பித்தானைத் திட்டச் சொல்லுங்கள்.”

துரை எழுந்து நின்றார். இப்படி ஒரு உரை நிகழ்த்தினார். “வேதாசலம், இந்தக் கச்சேரி கண்ணேறு என்ற ஒன்றை அங்கீகரிக்கவில்லை. அங்கீகரிக்காத ஒன்றுக்கு நாம் பயந்தோம் என்று தெரிந்தால் கோட்டையின் கனம் என்னாவது? நமக்கு எதிரே இருப்பது அறியாமை. அதை நாம் ஒழிக்க வேண்டும். நாளை மறுநாள் குப்பம் முழுவதும் வந்து கோட்டை முழுவதையும் புகழட்டும். ஒன்றும் நடக்காது என்பதை அவர்கள் தம் கண்ணால் பார்க்கட்டும். நான் நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறேன்.”

கட்டளை குப்பத்துக்கு வந்தது. வராத வீட்டுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. குப்பத்துத் தலைவர் நாகப்பன் ஆட்களைக் கூட்டினார். பாடு பிரிக்கச் சீட்டு குலுக்குகிற பானை அவர் கையில்தான் எப்போதும் இருக்கும்.

“போகலாமா, வேணாமா?” என்றார்.

“எதுக்குப் போவாம,” என்றான் சிங்காரம். “ஒண்ணு சொல்லிட்டேன்னு சீட்டப் புடுங்கினாங்க. அப்பால சொல்லு சொல்லுன்னாங்க, சொன்னேன். இன்னும் சீட்டு வரல. இப்ப எல்லாரும் சொல்லணுமாம். ஆசையாக் கேக்கறாங்க, குடுப்போம். குறை வெக்காம குடுப்போம்.”

“யாரு எத்தச் சொல்றது? ஆளாளுக்கு ஒரே மதிலச் சொன்னா மத்தது மனசு வருத்தப்படும்பா.”

“பாடு போடு, தலைவரே.”

அப்படித்தான் செய்தார்கள். ஏரியைப் பிரிக்கிற மாதிரியே கோட்டையைப் பிரித்தார்கள். வடக்கு மதில், கொடிமரம், மரியாதை பீரங்கி, அகழிப் பாலம், சமையல்கட்டு என்று ஓலை நறுக்கில் எழுதி, பானையில் போட்டுக் குலுக்கி, வீட்டுக்கொன்று எடுத்தார்கள். சந்தேகம் வந்த இடத்தில் பச்சைமுத்துவை வைத்து நாற்பத்தொரு உதாரணத்தையும் ஒருதரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். குப்பம்மாவின் சீட்டில் ஹென்ட்ரிக் துரை வந்தார்.

திங்கட்கிழமை காலை வாடை இன்னும் பலமாக இருந்தது. குப்பம் முழுவதும் கோட்டை முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தது. நடுவில் துரை, கைக்குட்டையோடு. பக்கத்தில் வேதாசலம். அவர் இடுப்பில் ஒரு எலுமிச்சம்பழம் செருகியிருந்தார். துரைக்கு அது தெரியாது.

முதல் சீட்டு கொடிமரம். கிழவர் ஒருவர் எழுந்து, “இந்த மரத்துக்கு உள்ள ஒரு ஓட்டை கெடையாது, இரும்பு. ஆயிரம் வருசம் நிக்கும்,” என்றார். காற்று ஒரு தள்ளு தள்ளியது. மரம் பாதியில் ஒடிந்து கொடியோடு அகழியில் விழுந்தது. முறிந்த இடத்திலிருந்து கறையான்கள் வெளிச்சம் தாங்காமல் ஓடின.

“காற்று,” என்றார் துரை. “அடுத்தது.”

அடுத்த சீட்டு வடக்கு மதில். “இன்னா ஒரு ஒடம்பு. வயித்த உள்ள இஸ்துகினு எப்டி நேரா நிக்குது பாரு,” என்றாள் ஒரு அம்மாள். மதில் அந்த வயிற்றை அதற்கு மேல் தாங்கமுடியாமல் விட்டுவிட்டது. நாலு கோழியும் இரண்டு வருஷத் தூசியும் எழும்பின. ஆளுக்குச் சேதமில்லை.

“மழை ஈரம்,” என்றார் துரை. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. “நாம் பயப்படவில்லை என்பதைக் காட்ட, ஒரு மரியாதை வேட்டுப் போடுங்கள்.”

மூன்றாவது சீட்டு பீரங்கி. சீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் வேட்டுப் போட்டார்கள். மெழுகு உருகியது. பீரங்கி சத்தம் போடவில்லை. பூசணிக்காய் மாதிரி இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் மரியாதையாகப் படுத்துக்கொண்டது.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லியே,” என்றார் சீட்டுக்காரர் வருத்தத்தோடு.

“மனசுல நெனச்சிருப்ப,” என்றார் நாகப்பன். “அடுத்தது யாரு?”

குப்பம்மா எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேரே துரைக்கு முன்னால் வந்து நின்றாள். தலையிலிருந்து கால்வரை மெதுவாக ஒருதரம் பார்த்தாள். கால்வரை வந்து, மறுபடி மேலே போனாள்.

“துரை,” என்றாள். அவ்வளவு இனிமையாக அவள் யாரையும் கூப்பிட்டுக் குப்பம் கேட்டதில்லை. “உங்க ஒடம்பு கீதே...”

“நிறுத்து,” என்றார் ஹென்ட்ரிக் துரை.

அதைத் தமிழில் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் தாமாகச் சொன்ன முதல் தமிழ்ச் சொல். சொன்ன வேகத்தில் கைக்குட்டை கீழே விழுந்தது.

வேதாசலம் எலுமிச்சம்பழத்தை எடுத்து துரையின் தலையை மூன்று சுற்றுச் சுற்றினார். கச்சேரி அங்கீகரிக்காத அந்தக் காரியத்தைக் கச்சேரியின் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றார்.

அன்று மத்தியானமே புதுக் கட்டளை எழுதப்பட்டது. பச்சைமுத்து அதையும் படித்தார். கோட்டையின் கனத்தை உத்தேசித்து, இனி குப்பத்தார் அனைவரும் கோட்டையை நாள்தோறும் காலையில் முறைவைத்து டிஸ்பரேஜ் செய்ய வேண்டும். செய்யாதவர் டிஸ்பரேஜ் செய்தவராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவர்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஹென்ட்ரிக் துரை அகழிப் பாலத்தைத் தாண்டி, வெறும் மூக்கோடு, குப்பத்துக்கு நடந்து வந்தார். கூடவே வேதாசலம். சிங்காரம் கரையில் தோணியின் அடி ஓட்டைகளைக் கீல் பூசி அடைத்துக்கொண்டிருந்தான். அமாவாசைக்கு நாலு நாள் இருந்தது.

“கப்பித்தானுக்கு இன்னும் கஞ்சி இறங்கவில்லை,” என்று துரை சொல்ல, வேதாசலம் தமிழில் சொன்னார். “நீ ஒரு வார்த்தை திட்டினால் போதும். இத்தனை நாள் திட்டாதே என்றால் திட்டினீர்கள். இப்போது திட்டு என்றால் ஏன் திட்டமாட்டேன் என்கிறீர்கள்?”

சிங்காரம் கீல் சட்டியைக் கீழே வைத்தான். “துபாஷியாரே, துரைக்கு நல்லா வெளங்கறாப்ல சொல்லு. நாங்க எங்க புள்ளையத் திட்டுவோம். எங்க வலையத் திட்டுவோம். எங்க தோணிய, எங்க மீனைத் திட்டுவோம். எங்களுது நல்லா இருக்கணும், அதுக்குத் திட்டுறோம். அடுத்தவன் பொருள நாங்க எதுக்குத் திட்டணும்? கோட்டை எங்களுதா?”

வேதாசலம் மொழிபெயர்த்தார். துரை கோட்டைப் பக்கம் திரும்பி, ஒடிந்த கொடிமரத்தைப் பார்த்தார்.

“உங்களுடையதாக வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?”

“எழுதிக் குடுக்கணும். கோட்டை நிக்கிற மண்ணு குப்பத்துது. ஏரி குப்பத்துது. முகத்துவாரத்துல வலை போட எவன் சீட்டும் வேணாம், எங்க பானைச் சீட்டே போதும். இதுல ஒரு வரி குறைஞ்சாலும் நான் கோட்டையப் பத்தி நல்லதுதான் சொல்லுவேன்.” பின்னால் திரும்பி, “இன்னாம்மே, உன் பாடு இன்னும் பாக்கி கீதுல்ல?” என்றான்.

“கீதே,” என்றாள் குப்பம்மா. “பாதிலதான வுட்டேன்.”

துரை தோணியின் விளிம்பில் ஓலையை வைத்து எழுதினார். எல்லா வரியும் எழுதினார். கடைசியில் மட்டும், தம் மனத்திருப்திக்காக, ‘திட்டும் காரியத்தின் பொருட்டு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தார். வேதாசலம் அதைப் படித்துக் காட்டினார்.

“போட்டுக்கட்டும்,” என்றான் சிங்காரம். “நாங்க தினம் திட்டுவோம்.”

ஓலையைக் குப்பம்மாவிடம் கொடுத்தான். கையை மணலில் துடைத்துக்கொண்டான். கோட்டைப் பக்கம் திரும்பி, தன் சொந்தத் தோணியைத் திட்டுகிற அதே குரலில் சொன்னான்.

“இதெல்லாம் ஒரு கோட்டையா? கோழிக்கூண்டு. நண்டு வளை இத்தவிடப் பெரிசு. இதுக்கு ஒரு மதிலு, அதுக்கு ஒரு கப்பித்தானு. பூனை கூட மோந்து பாக்காது.”

ஹென்ட்ரிக் துரையின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோட்டையிலிருந்து ஆள் ஓடிவந்து, கப்பித்தான் எழுந்து உட்கார்ந்து இரண்டு மடக்குக் கஞ்சி குடித்தார் என்று சொன்னான்.

அமாவாசையன்று சிங்காரம் முகத்துவாரத்தில் வலை போட்டான். பதினைந்து நாள் போட்டான். பதினாறாம் நாள் குப்பத்தார், “இன்னா கெடைச்சுது?” என்று கேட்டார்கள்.

“சேறுதான்,” என்றான்.

தை மாசம் புதுத் தோணி ஒன்று தண்ணீரில் இறங்கியது. அதைத் திட்ட ஊரே வந்திருந்தது.

பதினான்கு மாதம் கழித்து பத்தாவியாவிலிருந்து கப்பலில், நாலு முத்திரை வைத்துப் பதில் வந்தது. பழவேற்காட்டுக் கோட்டைப் பூனையை, உரிய மரியாதையுடன், விசாரிக்கலாம். அப்போது பூனை போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஹென்ட்ரிக் துரை ‘சாட்சி கிடைக்கவில்லை’ என்று எழுதி வழக்கை மூடினார். கண்ணேறு பற்றிப் பழவேற்காட்டில் அதற்கப்புறம் யாரும், ஒல்லாந்தர் உட்பட, சந்தேகப்பட்டதில்லை.

கப்பித்தான் வெள்ளிக்கிழமை சாப்பிட்ட அந்தக் கொடுவா, செவ்வாய்க்கிழமை விடியலில், வாடை எழுவதற்கு முன்னால் பிடித்தது.